கணக்குப்பிள்ளைக்கு ஊரில் வேலை இல்லையா?

கேள்வி: பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. குரூப் 4 இரண்டு முறை எழுதிவிட்டேன், கிடைக்கவில்லை. சென்னைக்கோ கோவைக்கோ அனுப்ப வீட்டில் சம்மதம் இல்லை. இங்கே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடக் கூப்பிட்டார்கள், மாதம் 8,000 ரூபாய். 'டிகிரி படித்துவிட்டுக் கடைக்குப் போவதா?' என்று அப்பா மறுத்துவிட்டார். எங்களைப் போன்ற சின்ன ஊரில் படித்த பிள்ளைகளுக்கு வேலையே கிடையாதா?
- ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: இருக்கிறது. ஆனால் அதை வேலை என்று உங்கள் வீடு ஒத்துக்கொள்ளவில்லை. வேலையாக நடத்த உங்கள் ஊர் முதலாளிகளும் மனம் வைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு வருடம் போய்விட்டது.

முதலில் குரூப் 4. 2024-ல் அறிவிப்பு வந்தபோது 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். 2025-ல் அறிவித்தது 3,935 இடங்கள். கேட்கிற படிப்பு பத்தாம் வகுப்பு. 200 கேள்விகளில் 100 தமிழ். நீங்கள் மூன்று வருடம் படித்த கணக்கியலுக்கு அங்கே தனி மதிப்பு ஏதும் இல்லை. எழுத வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் படியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பே நடத்துகிறார்கள், விசாரியுங்கள். ஆனால் முழு நாளையும் அதற்கே கொடுத்துவிட்டால் கற்ற தொழில் கையை விட்டுப் போய்விடும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து வருடம் காத்திருக்கும் பட்டதாரிக்குக் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். காத்திருப்பதற்கு அரசாங்கம் போட்டிருக்கும் விலை அவ்வளவுதான். நீங்களும் அதையே உங்கள் விலையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஊரில் என்ன வேலை? உங்கள் ஊரையே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். விசைத்தறிக் கூடங்கள், நூல் கடை, பூ மார்க்கெட், உரக்கடை, ஹார்டுவேர், நகைக்கடை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு, இவர்களில் வரம்புக்கு மேல் வியாபாரம் செய்கிற ஒவ்வொருவருக்கும் மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கணக்குக் காட்ட ஓர் ஆள் தேவைப்படுகிறார். பழைய கணக்குப்பிள்ளை சிவப்புத் துணி போட்ட பேரேட்டில் எழுதிய அதே வேலைதான், இப்போது டேலி என்ற கணக்கு மென்பொருளில் நடக்கிறது. அதற்குத் தெரிந்த ஆள் கிடைக்காமல் முதலாளிகள் ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள்.

மாதம் 19-ம் தேதி சாயந்தரம் அப்படி ஓர் ஆபீஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் 20, மாதக் கணக்கை முடித்து வரி கட்டக் கடைசி நாள். ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் மஞ்சள் பை நிறைய பில்லோடு வந்தார். மேஜையில் இருந்த பெண் ஒவ்வொரு பில்லாக எடுத்துத் திரையோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். "அண்ணாச்சி, இது உங்க நம்பரே இல்ல. கடைசில ஒரு எழுத்து மாறியிருக்கு." தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும் அந்த 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணில் ஒரே ஒரு பிழை. சரக்கு அனுப்பியவர் திருத்தாவிட்டால், வாங்கும்போதே கட்டிய வரியை இவர் கழித்துக்கொள்ள முடியாது. அந்த ஒரு பில்லில் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம். அண்ணாச்சி அங்கேயே நின்று சரக்கு அனுப்பியவருக்குப் போன் போட்டார். அந்தப் பெண்ணும் பி.காம்.தான். ஊரும் சின்ன ஊர்தான்.

இந்த வேலைக்கு விளம்பரம் வராது. சின்ன ஊரில் கல்லாவையும் கணக்கையும் முகம் தெரியாத ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். 'இன்னார் மகள்' என்றால்தான் உள்ளே விடுவார்கள். சென்னையில் உங்களுக்கு இல்லாத அந்த வசதி சங்கரன்கோவிலில் இருக்கிறது. டேலி மறந்திருந்தால் இரண்டு மாதம் உட்கார்ந்து தூசி தட்டுங்கள். கடைகளில் கேட்பதற்கு முன்னால் ஆடிட்டர்களிடமும், வரிக் கணக்குப் போட்டுக்கொடுப்பவர்களிடமும் போய்க் கேளுங்கள். ஒரே இடத்தில் நாற்பது கடைக் கணக்கு கையில் புரளும். ஆரம்பச் சம்பளம் ஜவுளிக்கடை சொன்னதைவிடப் பெரிதாக இருக்காது, இதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு வருடம் கழித்து நிலைமை வேறு. வணிகவியல் பட்டதாரி ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது மற்றவர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்துகொடுப்பவராகப் பதிவு செய்துகொள்ளச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, அதற்கு ஒரு தேர்வும் உண்டு. அப்புறம் பத்துக் கடைக் கணக்கை உங்கள் பெயரிலேயே பார்க்கலாம்.

ஊர் என்பதைக் கொஞ்சம் அகலமாகவும் பாருங்கள். காலையில் போய் இரவு வீடு திரும்பும் தூரத்தில் ராஜபாளையம் இருக்கிறது, கோவில்பட்டி இருக்கிறது, தென்காசி இருக்கிறது. மில்லும் தீப்பெட்டி ஆலையும் கடலைமிட்டாய்க் கம்பெனியும் கணக்கெழுத ஆள் வைக்காமல் ஓடுவதில்லை. தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறை கிராமத்தில் 2011-லேயே ஸோஹோ வந்து மென்பொருள் அலுவலகம் திறந்தது. எல்லா ஊருக்கும் அப்படி ஒன்று வந்துவிடாது, அதையே நம்பியும் இருக்க முடியாது. ஆனால் கிராமத்தில் உட்கார்ந்து செய்ய முடியாத வேலை என்று எதையும் சும்மா சொல்லிவிட முடியாது என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கிறது.

இனி உங்கள் அப்பா. அவர் மறுப்பதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. தீபாவளி நேரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இரவு பத்தரை மணிக்கு மாடிப்படியில் சில பெண்களைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு, கடைசி பஸ் போயிருக்குமோ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பதிலிருந்து நின்ற கால்கள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. அந்தக் கடையில் நான் பார்த்த ஒரே நாற்காலி கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. 'பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லை, எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் ஓடுகிறது' என்று வர்த்தகர் சங்கக் கூட்டங்களில் வருத்தப்படும் முதலாளிகளே, உங்களிடமும்தான் கேட்கிறேன். சம்பளச் சீட்டு கொடுக்கிறீர்களா? வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா? பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, இருபது பேர் என்றால் பி.எஃப். என்ற சேமநிதி உண்டு. 8,000 ரூபாய் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. கணக்கில் முதலாளி பங்கு மாதம் 260 ரூபாய், வேலை செய்பவர் பங்கு 60 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டிவிட்டு, யாரும் நிலைப்பதில்லை என்றால் எப்படி?

ஆகவே, அந்த ஜவுளிக்கடையை நானும் உடனே தள்ளிவிட மாட்டேன். வேறு இடம் அமையாவிட்டால் போய்ப் பேசுங்கள். எத்தனை மணிக்கு விடுவார்கள், உட்கார இடம் உண்டா, இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா, பில் போடுவதோடு கொள்முதல் கணக்கையும் பார்க்க விடுவார்களா என்று நேராகக் கேளுங்கள். நாலுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் அது உங்கள் டிகிரிக்கு ஏற்ற வேலைதான் என்று அப்பாவிடம் நானே சொல்லத் தயார். பதில் சொல்லாமல் 'இஷ்டம் இருந்தா வாம்மா' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேஜை, திரை, அங்கே வந்து நிற்கும் வியாபாரிகள் எல்லாவற்றையும் அவரும் பார்க்கட்டும். மாதம் 21-ம் தேதிக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் போனால் உங்களோடு பேச அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.