பூப்பந்தில் சேர்த்தால் மதிப்பெண் கூடுமா?

வணக்கம் அம்மா,

சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றுக்குப் போகும் உங்கள் மகளுக்கு இந்திய நடனத்தில் ஆசை. நீங்களோ, விளையாடும் பிள்ளைகள் படிப்பிலும் கெட்டி என்று எங்கோ ஓர் ஆய்வைப் படித்துவிட்டுப் பூப்பந்தில் சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

பள்ளிப் பூப்பந்துத் தெரிவுக்கு வரும் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பலர் தொடக்கப்பள்ளியிலேயே காசு கட்டிப் பயிற்சி எடுத்தவர்கள். வாரத்தில் மூன்று நாள் கூட்டிப்போய்க் கூட்டிவர ஆள் இருக்கும் வீட்டில் கணக்கு டியூஷனும் இருக்கும். மதிப்பெண்ணை மட்டை தந்ததா, வீடு தந்ததா? இன்னொன்று, மார்க் குறைந்ததும் நாமே பிள்ளையைக் குழுவிலிருந்து நிறுத்திவிடுகிறோம். டெக்சஸ் மாநிலத்தில் 1984இல் இதைச் சட்டமாகவே போட்டார்கள்: பாடத்தில் தோற்றால் ஆட முடியாது. அப்புறம் குழுவில் மிஞ்சுபவர்கள் நன்றாகப் படிப்பவர்களாகத்தானே இருப்பார்கள்!

காரணத்தையே பிடிக்கப் பார்த்த ஆய்வும் உண்டு. விளையாட்டில் பெண்களுக்கும் சம வாய்ப்புத் தரவேண்டிய கட்டாயத்தை அமெரிக்காவில் 1972இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம் உண்டாக்கியது. பையன்கள் அதிகம் விளையாடிய மாநிலங்களில் பெண்களுக்கும் அதிக இடம் திறக்க வேண்டியிருந்தது. அந்த இடங்கள் சட்டத்தால் வந்தவை, பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. பொருளியல் அறிஞர் பெட்ஸி ஸ்டீவன்சன் இதை வைத்து 2010இல் கணக்கிட்டார். விளையாடும் மாணவியர் பங்கு 10 விழுக்காட்டுப் புள்ளி கூடிய இடத்தில், கல்லூரிக்குப் போன பெண்கள் 1 விழுக்காட்டுப் புள்ளி கூடினார்கள். பலன் இருக்கிறது, சிறியது. அதுவும் கல்லூரிக்குப் போவதைப் பற்றியது, உங்கள் மகளின் கணக்குத் தாளைப் பற்றியது அல்ல.

அங்கே ஒப்பிட்டது விளையாட்டு இருப்பதையும் இல்லாததையும். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலையில் எல்லாருக்கும் இணைப்பாட நடவடிக்கை, அதாவது பாடத்துக்கு வெளியே பள்ளியில் ஒரு விளையாட்டோ கலையோ, கட்டாயம். உங்கள் முன்னால் இருப்பது பூப்பந்தா, நடனமா என்பதுதான். இரண்டு மணி நேரம் அரைமண்டியில் நின்று ஆடுவதும் உடற்பயிற்சிதான், முழங்காலைக் கேட்டுப் பாருங்கள்.

நேரடிப் பலன் வேண்டுமா? இணைப்பாட நடவடிக்கையில் நல்ல நிலை பெற்றால், உயர்நிலை முடித்துப் போகும் தொடக்கக்கல்லூரியின் சேர்க்கையில் போனஸ் புள்ளி உண்டு. நடனத்துக்கும் அதே விதிதான். ஒரே நடவடிக்கையில் ஆண்டுதோறும் குறைந்தது 75 விழுக்காடு வருகையோடு நீடித்தார்களா என்றும் பார்ப்பார்கள். பிடிக்காத பூப்பந்துக்கு மழைநாளில் வயிற்றுவலி வரும்.

விருப்பப் பட்டியலில் நடனத்தை முதலில் போடட்டும். பூப்பந்து ஆசை விடவில்லையென்றால், கிடைத்தால் ஒரு சனிக்கிழமை சமூக மன்றத்தில் கோர்ட் எடுத்து நீங்களே அவளோடு ஆடுங்கள்.