பிக்சல் வேலையை விடவேண்டாம், தம்பி

தம்பி, திருகோணமலை உவர்மலையில் இருந்து ஜப்பான் வந்து மூன்று மாதம், இமேஜ் சென்சர் (கமராவில் ஒளியைப் படமாக்கும் சில்லு) ஆய்வுகூடம் கிடைத்திருக்கிறது, மொழி பிடிபடவில்லை, அதில் ஒளியைப் பிடிக்கும் புள்ளியான பிக்சலை இனி எவ்வளவுதான் சிறிதாக்குவது, மென்பொருளுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள். நானும் திருமலைதான். 16 வருடமாக இதே வேலை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நினையுங்கள். சின்னச் சின்னக் கிணறு, பக்கத்தில் பக்கத்தில். பிக்சலும் அப்படித்தான்: ஒளி பட இலத்திரன் ஊறும், அதை அள்ளி எண்ணுகிறோம். 10,000 இலத்திரன் சேர்ந்தால் ஒளியின் இயல்பான தடுமாற்றம் அதன் வர்க்கமூலம், 100. அதாவது 1 வீதம். 100தான் சேர்ந்தது என்றால் தடுமாற்றம் 10, அது 10 வீதம். இரவில் டச்சு பே கரையில் எடுத்த படம் புள்ளி புள்ளியாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். பிக்சலின் பக்கத்தைப் பாதியாக்கினால் விழும் ஒளி காலாகிவிடும்.

முன்பு உலோகக் கம்பிகள் கிணற்று வாயின் மேலேயே கிடந்து ஒளியை மறித்தன. சிலிக்கன் தகட்டைத் தேய்த்து மெல்லியதாக்கி, பின்பக்கத்தால் ஒளியை விட்டார்கள். 2009இல் சோனி அதைக் கமராவில் கொண்டுவந்தது. அப்புறம் கிணறுகளுக்கு இடையே ஆழமாகப் பள்ளம் வெட்டிச் சுவர் வைத்தார்கள், ஒன்றில் ஊறுவது அடுத்ததற்குக் கசியாமல். 2022இல் சாம்சங் 0.56 மைக்ரோமீற்றர் பிக்சலை அறிவித்தது. சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது! நினைக்க எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கும். இதில் செய்ய வேலை நிறையக் கிடக்கிறது.

மொழிதான் உண்மையான சிக்கல். முதல் வருடம் மேலாளர் சென்சர் சில்லைக் 'கோஒன்சோ'வில் வைத்து அளக்கச் சொன்னார். விளங்காமலே தலையாட்டிவிட்டு மேசையில் வைத்து அளந்தேன். 'கோஒன்சோ' என்றால் வெப்பநிலையை நிலையாக வைத்திருக்கும் பெட்டி. ஒளியே இல்லாவிட்டாலும் சூட்டில் இலத்திரன் ஊறும், சூடு ஏற ஏற மடங்காகப் பெருகும். அவருக்கு வேண்டியது 60 பாகையில் எடுத்த அளவு. இரண்டு கிழமை வேலை குப்பைக்குப் போனது. திட்டு வாங்கவில்லை, ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் 'மோ இச்சிதோ', இன்னொருமுறை, என்று கேட்கக் கூச்சப்பட்டதில்லை.

சரி, அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று சொல் எழுதி வையுங்கள்: 'காசோ' பிக்சல், 'அன்தென்ரியூ' இருளிலும் ஊறும் அந்த மின்னோட்டம், 'கோஒன்சோ' நான் தவறவிட்ட பெட்டி.