‘பார்த்துப் பண்ணுங்க’ என்றால் போதாது

கேள்வி: ஆறு வருடம் ஓடிய என் டெஸ்க்டாப்பில் ஒரு நாள் ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. கடையில் கொடுத்து, ‘பார்த்துப் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு வந்தேன். மதர்போர்டு போய்விட்டது, மாற்றிவிட்டோம் என்று 6,500 ரூபாய் வாங்கினார்கள். பன்னிரண்டே நாளில் அதே கோளாறு. அதே வாரம் முடி வெட்டப் போனேன். அங்கேயும் ‘கொஞ்சமா குறைங்க, பார்த்துப் பண்ணுங்க’ என்றேன். உச்சியில் முடி குத்திட்டு நிற்கிறது, கிருதா ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். அடுத்த மாதம் தங்கை மகள் கல்யாணம். தொழில் தெரிந்தவர்கள் இப்போது யாருமே இல்லையா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: இருக்கிறார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் நீங்கள் சொன்னது ஒரே வாக்கியம். ‘பார்த்துப் பண்ணுங்க’ என்பதில் நம்பிக்கை இருக்கிறது, செய்ய வேண்டிய வேலை என்ன என்பது இல்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் 6,500 ரூபாயும் முடியும் போயின. கடைக்காரருக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கம்ப்யூட்டர். ஃபேன் சுற்றி, திரை வராமல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது போர்டை அல்ல, ராமை (போர்டில் செருகியிருக்கும் தற்காலிக நினைவகப் பட்டை). ராம் பட்டையின் அடியில் இருக்கும் பொன்னிறப் பற்கள் தூசியாலும் ஈரக் காற்றாலும் மங்கும். உங்கள் ஊரின் உப்புக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். போர்டை மாற்றும்போது ராமைக் கழற்றி மறுபடி செருகித்தான் ஆக வேண்டும். அந்த உரசலிலேயே பற்களில் படிந்தது கொஞ்சம் விலகி, தொடர்பு கிடைத்துவிடும். கம்ப்யூட்டர் ஓடும், போர்டுதான் கெட்டிருந்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். பன்னிரண்டு நாளில் அதே கோளாறு திரும்பியிருக்கிறது என்றால், பெரும்பாலும் கெட்டது போர்டு இல்லை என்றுதான் அர்த்தம்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். பவர் கார்டைப் பிளக்கிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனை இருபது விநாடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பின்பக்கத்து இரண்டு திருகுகளைக் கழற்றினால் பக்கத்துத் தகடு நகரும். எதையும் தொடுமுன் கேபினெட்டின் வெறும் இரும்பை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ராமைத் தாக்காது. ராமின் இரு ஓரத்துக் கிளிப்புகளையும் விலக்கினால் அது தானே எழும்பி வரும் (சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப்). பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பற்களை இரு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். கறுப்பு ரப்பரோ உப்புத்தாளோ கூடாது, முலாம் போய்விடும். துகளைக் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, பற்களில் விரல் படாமல், வெட்டுப் பள்ளம் பொருந்துகிறதா என்று பார்த்துச் செருகி, இரு முனையையும் அமுக்குங்கள். ‘டக்’ என்று கிளிப் பூட்ட வேண்டும். அந்தச் சத்தம் வராமல் பாதி செருகிய ராமாலேயே திரை வராமல் போகும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் வரவில்லையா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும். அதுவும் சரி என்றால், நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் (உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) பொருத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபேன் சுற்றுவதை வைத்து எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. ஃபேனுக்குப் போதும் மின்சாரம் பிராசஸருக்குப் போதாமல் இருக்கலாம். போர்டின் முறை இதற்கெல்லாம் பிறகுதான். போர்டில் நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால், போர்டு கெட்டதற்கு அது நல்ல தடயம்.

ஒன்றை மறக்காதீர்கள். மறுபடி கடைக்குக் கொடுக்குமுன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பெரும்பாலும் நான்கு திருகு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். திரை வராத கோளாறைக் கண்டுபிடிக்க அது தேவையே இல்லை. குடும்பப் படங்களெல்லாம் அதில்தானே இருக்கின்றன.

இனி முடி. ‘கொஞ்சம்’ என்பது உங்களுக்கு அரை அங்குலம், அவருக்கு இரண்டு அங்குலம். மெஷின் என்றால் நம்பர் சொல்லுங்கள். பெரும்பாலான மெஷின்களில் 2-ம் நம்பர் சீப்பு 6 மில்லிமீட்டர் முடியை விடும், 3-ம் நம்பர் 10, 4-ம் நம்பர் 13. உச்சியில் உங்கள் முடி குத்திட்டு நிற்பதற்குக் காரணம் சுழி. சுழியில் முடி வட்டமாகச் சுற்றி முளைக்கிறது. நீளம் இருந்தால் அதன் எடையே அதைப் படிய வைக்கும், ஒட்ட வெட்டினால் எழுந்து நிற்கும். ‘சுழியில் மட்டும் நீளம் விடுங்க’ என்று உட்காரும்போதே சொல்ல வேண்டும். தண்ணீர் தெளித்து வெட்டினால், ஈர முடி நீண்டு தெரியும், காய்ந்ததும் ஏறிக்கொள்ளும். சுருட்டை முடியில் இது அதிகம். அதனால் முதலில் குறைவாக வெட்டி, காயவிட்டுப் பார்க்கச் சொல்லலாம். கிருதா ஏறி இறங்கியதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: காதை அளவாக வைத்து வெட்டியிருப்பார் (பலருக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை), அல்லது நீங்கள் தலையைச் சாய்த்து போன் பார்த்திருப்பீர்கள்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். அதனால் உச்சியில் கத்தரியே படக் கூடாது. கிருதாவை மட்டும் இப்போது சமன் செய்யுங்கள். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு, பக்கங்களுக்கும் உச்சிக்கும் நடுவே தெரியும் படிக்கட்டை மட்டும் சீப்பும் கத்தரியுமாகக் கலந்துவிடச் சொல்லுங்கள்.

எண் சொன்னாலும் எங்கிருந்து என்று சொல்ல வேண்டும். 2018-ல் டெல்லியில் ஒரு ஹோட்டல் சலூனில், கீழேயிருந்து 4 அங்குலம் வெட்டச் சொன்ன பெண்ணுக்கு, மேலேயிருந்து 4 அங்குலம் மட்டும் விட்டு மீதியை வெட்டிவிட்டார்கள் என்பது புகார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சேவைக் குறைபாடு என்ற முடிவில் தலையிடாமல், அவ்வளவு பெரிய தொகைக்கு ஆதாரம் வேண்டும் என்று அந்தத் தொகையை ரத்து செய்து, வழக்கை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது.

ஆதாரம் என்ற அந்தச் சொல் உங்கள் கம்ப்யூட்டர் கடைக்கும் பொருந்தும். சோதிக்காமல் பாகத்தை மாற்றிப் பணம் வாங்கியிருந்தால் அது சேவைக் குறைபாடு. புது போர்டின் வாரண்டி பில்லில் இருக்கிறதா, வேறு ராம் போட்டுச் சோதித்தார்களா என்று கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் முன்னால், நாளைக்கே பில்லோடு போய், கழற்றிய பழைய போர்டைத் திருப்பிக் கேளுங்கள். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். அதை இன்னொரு கடையில் நல்ல ராமோடு பொருத்திப் பார்த்தால், உண்மையிலேயே போயிருந்ததா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.