கம்பத்துப் பந்தல் ஓரமாக ஒரு சைக்கிள்

கேள்வி: எனக்கு வயது 54. டாக்டர் சொன்னதற்காக சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து, இப்போது அதுவே பைத்தியமாகிவிட்டது. கியர் சைக்கிள் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. காலையில் ரிங் ரோட்டில் 25 கிலோமீட்டர் போய்வருகிறேன், ஆனால் லாரிகளோடு ஓட்டி அலுத்துவிட்டது. வெளிநாட்டு வீடியோக்களில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, மலையைப் பார்த்தபடி, காலியான ரோட்டில் ஓட்டுகிறார்கள். நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா? மேகமலை ஏறவும் ஆசை. தனியாகப் போகக் கூடாது என்று வீட்டில் தடை. என்ன செய்யலாம்?
வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது சார். அதுவும் உங்கள் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைத்தான் சொல்கிறேன். மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலைத் தொடர், நடுவில் முல்லைப் பெரியாறு. இரண்டு பக்கமும் மலை தெரிய, சமதளத்திலேயே ஓட்டலாம் என்பதுதான் இந்த இடத்தின் அருமை. மலையைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை.

வீடியோவில் வருவது போல இடுப்பளவுச் செடிகள் வரிசை பிடித்து நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இங்கே பந்தல் சாகுபடி. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியை மேலே படர விட்டிருப்பார்கள். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் கண் கிட்டத்தட்டப் பந்தலுக்குக் கீழ்மட்டத்துக்கு வரும். கார்க்காரருக்கு ஓடும் பச்சைச் சுவராகத் தெரிவது, உங்களுக்கு உள்ளே வெகுதூரம் வரை இருட்டாக, குளிர்ச்சியாக, கருநீலக் குலைகள் தொங்கும் கூடமாகத் தெரியும். பெரும்பாலும் பன்னீர் திராட்சைதான். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். ஒரு தோட்டத்தில் கவாத்து (கொடியை வெட்டிவிடுவது) நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் எந்த மாதம் போனாலும் எங்காவது குலை கண்ணில் படும்.

சரி, எந்த ரோடு? தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளி போகும் தேசிய நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். பஸ், லாரி, டூரிஸ்ட் வேன் எல்லாம் அதில்தான். ரிங் ரோட்டிலிருந்து தப்பித்து இன்னொரு ரிங் ரோட்டுக்குப் போன மாதிரி ஆகிவிடும். நான் சொல்வது அதற்குக் கிழக்கே, மேகமலை அடிவாரத்தை ஒட்டி ஓடும் ஊர்ப் பாதை. முதல் நாள் சாயங்காலமே உத்தமபாளையம் போய்த் தங்குங்கள். விடிந்ததும் கிளம்பி ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, அங்கிருந்து தெற்கே காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி, கடைசியில் சுருளி அருவி. ஒரு பக்கம் மட்டும் 20, 25 கிலோமீட்டர் வரும். காமயகவுண்டன்பட்டியை 'கே.கே.பட்டி' என்று கேட்டால்தான் சட்டென்று வழி சொல்வார்கள். போனைப் பார்த்து ஓட்டுவதைவிட டீக்கடையில் கேட்பது நல்லது. மேப் உங்களைக் குறுக்கு வழி என்று தோட்டத்து மண்பாதையில் இறக்கிவிடும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது ராயப்பன்பட்டிக்கும் கே.கே.பட்டிக்கும் இடைப்பட்ட பகுதி. திராட்சை, தென்னை, வாழை என்று மாறி மாறி வரும். காலை ஏழு மணிக்கு வெயில் இன்னும் கிழக்கு மலையைத் தாண்டி முழுசாக வந்திருக்காது. ரோடு நிழலில் கிடக்கும், எதிரே மேற்கு மலை மட்டும் பளிச்சென்று இருக்கும். பந்தலுக்குள் பெண்கள் பேசிக்கொண்டே குலை வெட்டும் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. ஓரத்தில் பிளாஸ்டிக் கிரேட்டுகள் அடுக்கியிருந்தால் அன்று அங்கே அறுவடை என்று அர்த்தம். கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் ஒரு குலையைக் கையில் கொடுத்தே அனுப்புவார்கள். அதை அப்படியே வாயில் போடாதீர்கள். இலையில் வெளிர் நீலமாகத் திட்டுத் திட்டாக இருப்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து. பாட்டில் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். மருந்து அடித்துக்கொண்டிருக்கும் தோட்டத்தைக் கடக்கும்போது மூச்சு வாங்க நிற்காமல் மிதித்துப் போய்விடுங்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பள்ளத்தாக்கில் வாரி அடிக்கும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் போனால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகைத் தள்ளும் காற்று. அது நல்ல ஏற்பாடுதான், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். நான் ஒரு ஜூலையில் கூடலூரிலிருந்து ஜாலியாக மிதித்து வந்து, என் கால் பலம் என்று நினைத்து, மத்தியானம் திரும்பி ஏறும்போது நாக்கு தள்ளிப் போனேன். அதே ஜூன் மாதத்தில்தான் பெரியாறு தண்ணீர் திறந்து முதல் போக நடவும் நடக்கும். 14,707 ஏக்கர் இருபோக நிலம். வயல் பச்சை பார்க்க அதுதான் காலம். இதமான வெயில் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி.

இனி மேகமலை. இப்போதைக்கு வேண்டாம் சார். சின்னமனூரிலிருந்து ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அது புலிகள் காப்பகம், யானையும் காட்டுமாடும் ரோட்டுக்கு வரும். செக்போஸ்டில் காலை 6 மணிக்கு மேல் விட்டு, மாலை 6 மணிக்குள் இறங்கச் சொல்வார்கள். ஏறுவதைப் பற்றி நான் பயப்படவில்லை. சின்ன கியரில் போட்டு, மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் மிதித்தால் 54 வயதில் தாராளமாக ஏறலாம். இறங்குவதுதான் வித்தை. போடி மெட்டு இறக்கத்தில் நான் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்து, ரிம் தோசைக்கல்லாகக் காய்ந்து, முன் ட்யூப் பட்டென்று வெடித்தது. வளைவில் இல்லாமல் நேர் ரோட்டில் வெடித்ததால் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து இறங்க வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் நின்று ரிம்மை ஆற விட வேண்டும்.

அதைப் பழக, குமுளி மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப் போதும். அங்கிருந்து குமுளிக்கு ஆறேழு கிலோமீட்டர் ஏற்றம். வார நாளில், விடிந்ததும் ஏறி இறங்கிவிடுங்கள். சபரிமலை சீசனில் அந்தப் பக்கமே போக வேண்டாம். கம்பம் மெட்டும் நல்ல ஏற்றம்தான், ஆனால் காலையிலும் மாலையிலும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் பறக்கும். அவர்களுக்கு வேலைக்கு நேரமாகிறது, நமக்கு இல்லை. அங்கே மட்டும் பத்து மணிக்கு மேல் போங்கள்.

சைக்கிளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தோட்டத்து ஓரங்களில் முள் அதிகம். ஒரு ஸ்பேர் ட்யூபும் அதை மாட்டத் தெரிந்த கையும் வேண்டும். உங்கள் வால்வு பைக் வால்வு போலத் தடிமனா, பென்சில் முனை போல மெல்லியதா என்று பாருங்கள். தடிமன் என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். மெல்லியது என்றால் பத்து, இருபது ரூபாய்க்கு வரும் அந்தப் பித்தளை அடாப்டர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். ஊருக்குள் வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகள் உண்டு. ரோட்டில் தானியம் காயப்போட்டிருந்தால் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. அதன் மேல் ஓட்டினால் வழுக்கும், திட்டும் விழும்.

வீட்டுத் தடைக்கு வருவோம். வீட்டம்மா சொல்வது சரிதான், முதல் தடவை தனியாகப் போக வேண்டாம். கார் எடுக்கிறீர்கள்தானே? முன் சக்கரத்தைக் கழற்றினால் சைக்கிள் பின் சீட்டில் அடங்கிவிடும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் விடிந்ததும் மிதித்துக் கிளம்புங்கள். அவர் நிதானமாக எழுந்து, இட்லிப் பொட்டலத்தோடு ஒன்பது மணிக்கு சுருளி அருவி கேட்டில் வந்து நிற்கட்டும். குளித்துச் சாப்பிட்டு, காரில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு திரும்பலாம். பழம் வாங்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. நான் ஒரு கிலோ வாங்கி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு மிதித்த அன்று, உத்தமபாளையம் வந்து சேர்ந்தது கொட்டையும் சாறும்தான். சட்டைக் கறை இன்னும் போகவில்லை.