டிவில வர்ற கார் விளம்பரம் ஒண்ணுமே புரியலையே, எனக்கு மட்டும்தான் இப்படியா?

மழை ராத்திரியில ஒருத்தர் கார் ஓட்டிட்டு வர்றாரு, பெட்டிக்கடையில நிறுத்தி நீல பலூன் ஒண்ணு வாங்குறாரு, அடுத்த ஷாட்டே பனிமலை, கார் பேரு, முடிஞ்சுது, வீட்ல எல்லாரும் உக்காந்து பார்த்தும் எதுக்கு பலூன்னு ஒருத்தருக்கும் தெரியலன்னு கேட்டிருக்கீங்க. உங்க மேல தப்பே இல்லங்க. அந்த விளம்பரத்தை நான் பார்க்கல, ஆனா அதுக்கு என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியும். வடபழனி பக்கம் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல சவுண்ட் இன்ஜினியரா இருக்கேன், மும்பைல எடுத்த விளம்பரம் தமிழ் பேசுறது எங்கள மாதிரி இடத்துலதான்.

நீங்க பார்த்தது முழுப் படம் இல்ல. கார் விளம்பரத்தை பெரும்பாலும் 60 செகண்டுக்கோ அதுக்கு மேலயோ ஒரு குட்டிக் கதையாதான் எடுப்பாங்க. டிவில நேரத்தை விக்கிறது 10 செகண்ட் கணக்குல. 60 செகண்ட் ஓட்டணும்னா ஆறு மடங்கு காசு, கிரிக்கெட் மேட்ச்னா கேக்கவே வேணாம். விதிப்படி ஒரு மணி நேரத்துல 12 நிமிஷம்தான் விளம்பரம், அதுலயும் 2 நிமிஷம் சேனலோட சொந்த விளம்பரத்துக்கு. அதனால முதல் கொஞ்ச நாள் பெருசா ஓட்டிட்டு அப்புறம் 30, 20, 10னு வெட்டிடுவாங்க. வெட்டும்போது கார் வர்ற ஷாட்ல கை வைக்க முடியாது, ஏன்னா காசு குடுக்குறவங்க கார் கம்பெனி. அப்ப எது போகும்? கதைதான் போகும்.

எனக்கு இது ஏன் இவ்ளோ உறுத்துதுன்னா, நாங்க பண்ண ஒரு விளம்பரத்துக்கே இப்படி ஆச்சு. கம்பெனி பேர் வேணாம். பையன் படிப்பு ஃபீஸுக்காக அம்மா தன்னோட தையல் மெஷினை வித்துடுறாங்க, வளர்ந்து கார் வாங்கினதும் அவன் அதே மெஷினை ஒரு பழைய சாமான் கடையில தேடிக் கண்டுபிடிச்சு, பின்சீட்டை மடக்கிட்டு ஏத்திக்கிட்டு ஊருக்குப் போறான். கார்ல இடம் தாராளமா இருக்குங்கறதுதான் விஷயம். அந்த அம்மாவுக்கு குரல் குடுத்தவங்க சீனியர் ஆர்ட்டிஸ்ட், "இது... இது நம்ம மெஷினாடா?"ன்னு ஒரே வரி, அதுல ரெண்டாவது "இது"க்கு முன்னாடி மூச்சு ஒண்ணு உள்ள இழுத்தாங்க பாருங்க, நான் ஹெட்போனை கழட்டி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். 20 செகண்ட் கட்ல அந்த வரியே இல்ல! அம்மா ஃபீஸ் கட்டுறதும் இல்ல. கடையில மெஷினைப் பார்த்து ஒருத்தன் கண் கலங்குறான், கார் மலையில போகுது, அவ்ளோதான்.

எங்க பெரியப்பா கொளத்தூர்ல இருக்காரு, அந்த சமயம் கார் வாங்கப் பார்த்துட்டு இருந்தாரு. போன் போட்டு "ஏம்பா, தையல் மெஷின் கம்பெனி கார் பண்ண ஆரம்பிச்சுட்டானா?"ன்னு கேட்டாரு. மனுஷன் கிண்டல் பண்ணல, நிஜமாவே அப்படித்தான் நினைச்சிருக்காரு. நான் யூட்யூப்ல முழுசையும் தேடி வாட்ஸ்அப்ல அனுப்பினதுக்கு அப்புறம்தான் "அட, நல்லாதான இருக்கு, இதை ஏன் டிவில போடல"ன்னாரு. ஏஜென்சில இருக்குறவங்க யாராவது படிச்சா, பட்ஜெட் தெரியாம பேசுறேன்னு சண்டைக்கு வராதீங்க, அதைத்தான் மேல விளக்கமா சொல்லியிருக்கேன். வெட்டுங்க, ஆனா வெட்டினதை படத்துல வேலை பார்க்காத ஒரு ஆளுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டிட்டு அனுப்புங்க.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா சவுண்ட்ல வேலைன்னு சொன்னாலே எல்லாரும் என்னைப் புடிச்சு திட்றாங்க, விளம்பரம் வந்தா மட்டும் ஏன்டா சத்தத்தை ஏத்துறீங்கன்னு. அப்படி தனியா ஏத்துறது இல்லங்க. உச்ச சத்தத்துக்கு சேனல் ஒரு அளவு வச்சிருக்கும், சீரியலும் விளம்பரமும் அதுக்குள்ளதான் இருக்கணும். சீரியல்ல குசுகுசுன்னு பேசுற இடமும் இருக்கும், கத்துற இடமும் இருக்கும். விளம்பரத்துல கம்ப்ரெஸ் பண்ணி, அதாவது சத்தத்தோட ஏத்த இறக்கத்தைக் குறைச்சு, எல்லாத்தையும் அந்த உச்சத்துக்குப் பக்கத்துலயே நிறுத்திடுவாங்க, அதான் காதுல அறையுது. நான் மெதுவா மிக்ஸ் பண்ணி அனுப்பினா "பஞ்ச் இல்ல"ன்னு திரும்பி வரும். ராத்திரி பத்து மணிக்கு குழந்தை எந்திரிச்சிடுச்சுன்னு சொந்தக்கார அக்கா திட்டுனா நான் என்ன பண்ண?

சரி, விஷயத்துக்கு வர்றேன். கதை புரியலன்னா பரவாயில்ல, கீழ பொடி எழுத்துல ஓடுது பாருங்க, நாங்க சூப்பர்னு சொல்வோம், அதை விட்டுடாதீங்க. விளம்பரத்துல பேசுற மொழியிலயே அதுவும் இருக்கணும், ஒரு வரின்னா 4 செகண்டாவது நிக்கணும்னு விளம்பரத் தர கவுன்சில், அதான் 1985ல ஆரம்பிச்ச ஆஸ்கி, வழிமுறை போட்டிருக்கு. ஆனா எங்ககிட்ட தமிழ் பண்ண வர்ற படத்துல பல தடவை அது இங்கிலீஷ்லயேதான் இருக்கும், நாங்க கேட்டா "அது உங்க வேலை இல்ல"ன்னு பதில் வரும். பெரியப்பா செட்டாப் பாக்ஸ்ல பாஸ் பண்ணி, டிவி பக்கத்துல நாற்காலி போட்டு, கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு படிச்சாரு. காட்டுற ஆக்சஸரீஸ் எல்லாம் காரோட வராதுன்னு இருந்துச்சு. அவர் ஆசைப்பட்ட சன்ரூஃப் டாப் வேரியண்ட்ல மட்டும்தானாம், ஷோரூம்ல போய்தான் தெரிஞ்சுது.

விலையும் அப்படித்தான், டிவில பெருசா வர்றது இருக்குறதுலயே கம்மி வசதி உள்ள பேஸ் மாடலோட எக்ஸ் ஷோரூம், அதாவது ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் சேராத விலை. நம்ம ஊர்ல 2023 நவம்பர்ல ரோடு டாக்ஸை ஏத்தினாங்க, 5 லட்சத்துலேருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், அதைத் தாண்டினா 20 லட்சம் வரை 18. அதாவது 11 லட்சம் வண்டிக்கு டாக்ஸ் மட்டுமே கிட்டத்தட்ட 2 லட்சம், இன்சூரன்ஸ் தனி. நீங்க கார் வாங்கத்தான் பார்க்குறீங்கன்னு வச்சுக்கிட்டு சொல்றேன், ஷோரூம் போனா "டிவில காட்டுற வண்டி எந்த வேரியண்ட், அதுக்கு எல்லாம் சேர்த்து ஆன் ரோடு விலை எவ்ளோ"ன்னு கேட்டு, பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வாங்க, வாய்ல சொல்றதை நம்பாதீங்க.