'தடைபட்ட' என்று எப்போது எழுதலாம்?

பாதியில் நின்ற வேலையைச் சொல்லும் 'தடைபட்ட' பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, 'தடைபட்ட பணி' என்றால் நின்றே போன பணியா?

பதில்: இல்லை. ஓடிக்கொண்டிருந்த வேலை, ஏதோ குறுக்கே வந்ததால் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அது விலகினால் மறுபடி ஓடும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே இருக்கிறது, அதனால்தான் 'தடைபட்ட பணி மீண்டும் தொடங்கியது' என்று படிக்கும்போது உறுத்துவதில்லை. அதையே 'கைவிடப்பட்ட பணி' என்று எழுதினால், நடுவில் என்ன ஆனது என்று கேட்கத் தோன்றும்.

கேள்வி: 'தடைசெய்யப்பட்ட' என்பதும் அதேதானே?

பதில்: தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள். தடைபட்ட கூட்டம் மழையால் நின்றிருக்கலாம், மைக் பழுதாகி நின்றிருக்கலாம். தடைசெய்யப்பட்ட கூட்டம் என்றால் அதிகாரம் உள்ள ஒருவர் 'நடத்தக்கூடாது' என்று சொல்லியிருக்கிறார். தலைப்பில் இது மாறினால் செய்தியே மாறிவிடும்.

கேள்வி: முடங்கிய, தேங்கிய, கிடப்பில் போடப்பட்ட, இவற்றில் எதை எங்கே போடுவது சார்?

பதில்: நான் சார் இல்லை, பரவாயில்லை. முடங்கிய என்றால் அசைவே இல்லை: முடங்கிய போக்குவரத்து. தேங்கிய என்பதில் உள்ளே வருவது நிற்கவில்லை, வெளியே போவதுதான் நின்றது. அதனால் தேங்கிய வழக்குகள், தேங்கிய கோப்புகள் என்பது சரி. தூக்கம் நடுவில் கலைந்தால் அது தடைபட்ட தூக்கம், தேங்கிய தூக்கம் ஆகாது. கிடப்பில் போடப்பட்ட கோப்பு என்று எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் யாரோ வேண்டுமென்றே ஓரங்கட்டினார்கள் என்று குற்றம்சாட்டுகிறீர்கள், கையில் ஆதாரம் இல்லாவிட்டால் 'நிலுவையில் உள்ள' போதும்.

கேள்வி: நின்று நின்று நகரும் வேலைக்கு?

பதில்: 'தடைபட்ட' போதாது. 'அடிக்கடி தடைபடும்' அல்லது 'விட்டுவிட்டு நடக்கும்' என்று எழுதுங்கள். விட்டுவிட்டுப் பெய்யும் மழை என்கிறோமே, அதேதான். 'இடைவிட்ட முன்னேற்றம்' என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது காதில் ஒட்டவே இல்லை.

கேள்வி: தடைபட்டவா, தடைப்பட்டவா?

பதில்: இரண்டும் அச்சில் புழங்குகின்றன. ஒரே கட்டுரையில் மாற்றி மாற்றி எழுதாதீர்கள்.

கேள்வி: சுருக்கமாக 'தடையான பணி' என்று எழுதலாமா?

பதில்: கூடாது, பொருள் தலைகீழாகிவிடும். தடைபட்ட என்பது 'தடைபடு' என்ற வினையிலிருந்து வந்த பெயரெச்சம், நின்றது அந்தப் பணி. தடையான பணி என்றால் அந்தப் பணிதான் வேறொன்றுக்குக் குறுக்கே நிற்கிறது.