டென்ட்டில் தங்கும்போது குளிக்க என்ன வழி?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் கொடைக்கானல் மலையில், தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் மூன்று நாள் டென்ட் போட்டுத் தங்கப் போகிறோம். நான், கணவர், எட்டு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே என் மாமியார். அங்கே தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் உண்டு, குளியலறை இல்லை. ஆன்லைனில் தேடினால் சோலார் பை, பேட்டரி ஷவர், கேஸ் ஹீட்டர் ஷவர் என்று வரிசையாக வருகின்றன. எதை வாங்கினால் உருப்படியாக இருக்கும்?
– கோவை வாசகி

பதில்: ஷவர் எதை வாங்கினாலும் தண்ணீர் கொட்டிவிடும். டிசம்பரில் அந்த மலையில் திண்டாட்டமெல்லாம் வெந்நீருக்குத்தான். இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். காலையில் குழாயைத் திறந்தால் கை விறைக்கும். அதனால் வெந்நீர் எங்கிருந்து வரப்போகிறது என்பதை முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஷவரைப் பாருங்கள்.

தோட்டக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். மலைத்தோட்டங்களில் காவல்காரர் வீட்டுப் பக்கம் விறகில் எரியும் வெந்நீர் பாய்லரோ, ஒரு பெரிய அண்டாவும் அடுப்புமோ பெரும்பாலும் இருக்கும். அது கிடைத்தால் உங்கள் செலவில் பாதி மிச்சம்.

சோலார் பையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கறுப்புப் பையில் 20 லிட்டர் நிரப்பி வெயிலில் கிடத்தினால் தண்ணீர் சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல நேர் வெயிலிலேயே அதற்கு மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். பனியும் மேகமும் மாறி மாறி வரும் மலையில் மதியம் வரை காத்திருந்து வெதுவெதுப்போடு திருப்திப்பட வேண்டியதுதான். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. அதை ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கிளையில் தூக்கிக் கட்டவும் வேண்டும். ஏப்ரலில் ராமேஸ்வரம் பக்கம் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கச் சொல்வேன். இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் வாட்டர் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். அந்த சாக்கெட் தாங்குவது பொதுவாக 120 வாட்டிலிருந்து 180 வாட் வரை. 10 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர அதற்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குமேல் பிடிக்கும். கடைசியில் தண்ணீரும் சுடாது, மறுநாள் வண்டியும் ஸ்டார்ட் ஆகாது.

கேஸில் ஓடும் உடனடி ஹீட்டர் ஷவர் உண்மையிலேயே சுகமான சாமான். குழாயைத் திறந்தால் வெந்நீர். ஆனால் விலை அதிகம். சிலிண்டர், ரெகுலேட்டர், பம்ப், அதற்கு ஒரு பேட்டரி என்று சுமையும் கூடும். மாதம் ஒருமுறை டென்ட் தூக்கும் குடும்பத்துக்குச் சரி, மூன்று நாளுக்காக வாங்குவது வீண். யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஹீட்டரைத் திறந்தவெளியில் வைத்து, ஷவர் குழாயை மட்டும் மறைப்புக்குள் கொண்டுபோங்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீஸர் ஓடி ஆள் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. துணிக்கூடாரத்துக்குள்ளும் அது சேரும்.

உங்களுக்கு நான் சொல்வது பேட்டரி ஷவர். கைப்பிடி அளவு பம்ப், ஒன்றரை மீட்டர் குழாய், ஷவர் தலை, அவ்வளவுதான். யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்றி, பம்பை பக்கெட்டில் போட்டால் நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் வரும். வீட்டு ஷவர் மாதிரி அடிக்காது. ஆனால் தலையில் சோப்பு நுரையோடு நிற்கும் பிள்ளையை அலசிவிட அது தாராளம். சோப்பு போடும்போது பம்பை நிறுத்திவைத்தால் பெரியவர்களுக்கு ஆளுக்கு 10 லிட்டர், பிள்ளைகளுக்கு ஆறு லிட்டர் போதும். பம்பின் அடியில் உள்ள வலையில் மண் ஏறினால் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுவிடும். பக்கெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலின்மேல் வைத்தால் மண் தெறித்து விழாது.

இனி வெந்நீர். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஏழு பங்கு பச்சைத்தண்ணீருக்கு மூன்று பங்கு கொதிநீர் விளாவினால் 38 டிகிரி வரும். குளிக்க அதுதான் பதம். பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், அதன்மேல் வெந்நீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெறும் கொதிநீர் இருக்கும் பக்கெட்டில் நான்கு வயதுப் பிள்ளை கையை விட ஒரு நொடி போதும். பம்பையும் விளாவிய பிறகே இறக்க வேண்டும், பல பம்புகள் கொதிநீரைத் தாங்காது. கலக்கிவிட்டு முழங்கையை விட்டுப் பார்த்தபின் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

ஐந்து பேருக்கும் சேர்த்து 45 லிட்டர் என்று வையுங்கள். அதில் கொதிநீர் மட்டும் 14 லிட்டர் வேண்டும். அதைக் காய்ச்ச சுமார் 200 கிராம் எரிவாயு செலவாகும். கேம்பிங் அடுப்புக்கு விற்கும் சின்ன டின்னில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு நாள் குளியலோடு டின் காலி. குளிரில் அந்த பியூட்டேன் டின்கள் சுணங்கவும் செய்யும். 5 கிலோ சிலிண்டரும் ஒரு பர்னரும் எடுத்துப் போனால் சமையலுக்கும் ஆயிற்று. பாத்திரத்தை மூடி வைத்துக் காய்ச்சுங்கள், காற்றடிக்கும் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள். இரண்டும் செய்யாவிட்டால் கேஸ் கணக்கு எங்கேயோ போய்விடும்.

குளியலைக் காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மூன்று மணிக்கு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. வெயில் இருக்கும், துண்டு காயும், தலைக்கு ஊற்றினாலும் முடி உலர நேரம் இருக்கும். காலையில் முகம் கை கால் கழுவினால் போதும். பிள்ளைகள் இதற்கு உடனே சம்மதிப்பார்கள். மாமியாருக்குக் காலையில் குளிக்காமல் காபி இறங்காது என்றால் அவருக்கு மட்டும் ஒரு பக்கெட் தனியாகப் போட்டுக்கொடுங்கள். ஷவரை அவரிடம் நீட்ட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் கப்பும் போதும். குளிரில் நின்றுகொண்டு குளிப்பதைவிட உட்கார்ந்து ஊற்றிக்கொள்வது வயதானவர்களுக்குப் பாதுகாப்பு.

கொஞ்சம் காசு செலவழிக்கலாம் என்றால் அதை மறைப்புக் கூடாரத்தில் போடுங்கள். நாலடிக்கு நாலடி, ஆளுயரத்துக்கு மேல், பிரித்தால் தானே விரியும் ரகம் கிடைக்கிறது. மலைக்காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் முளை அடித்து, மேலிருந்து கயிறும் கட்ட வேண்டும். உள்ளே தரையில் துளையுள்ள ரப்பர் மேட் போடுங்கள். வெறும் மண்ணில் இரண்டு பேர் குளித்தால் மூன்றாவது ஆள் சேற்றில்தான் நிற்பார்.

யூடியூபில் காரின் கூரையில் கறுப்பு பிவிசி குழாயைக் கட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்து ஷவர் ஆக்குகிறார்கள். குழாயில் தண்ணீர் நிரப்பித் தானாக வடியவிடுவது பரவாயில்லை. காற்றை அடைக்காதீர்கள், பிவிசி வெடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். அந்த ஐடியா பிடித்திருந்தால் உரக்கடையில் விற்கும் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்குங்கள். எட்டு லிட்டர் ரகத்தில் காற்றடித்தால் பேட்டரி இல்லாமலே நன்றாகப் பீய்ச்சும். பூச்சிமருந்து அடித்த பழையதை எத்தனை முறை கழுவினாலும் குளிக்க எடுக்கக் கூடாது.

குளித்த தண்ணீர் ஓடைக்குப் போகக் கூடாது. ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, தண்ணீர் மண்ணில் இறங்குகிற இடமாகப் பார்த்து மறைப்பைப் போடுங்கள். சீயக்காய், பயத்தமாவு என்றாலும் இதே கதைதான்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பம்பை முழு சார்ஜ் ஏற்றி, மொட்டைமாடியில் பக்கெட் வைத்து, சார்ஜ் தீரும் வரை ஓடவிட்டுப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஓடவில்லை என்றால் மாற்றிவாங்க அப்போதுதான் நாள் இருக்கும்.